கழுவினவன் கை

வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போன புடவையோடே கிளம்பிவிட்டேன். கைப்பையில் பைபிளும் ஒரு மெழுகுவத்தியும் இருந்தன. மெழுகுவத்தி கொண்டு வரச் சொன்னவன் லோகு.

"ஒரே ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போய்டுங்க அண்ணி. நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு," என்றான் போனில்.

அவர் என்றது என் கணவர் ஸ்டீவனை. சித்திரை வெயிலில் அவரை அடக்கம் செய்தோம். நான் கிளம்பியது ஐப்பசி மழையில். அவர் போன பிறகு கும்மிடிப்பூண்டி வீட்டைக் காலி செய்துவிட்டு, வேப்பம்பட்டில் என் அக்கா ஹெலன் வீட்டில் இருந்தேன். திரும்ப அந்த ஊர்ப் பக்கம் போவதாக இல்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே மழை சற்று விட்டிருந்தது. ஷேர் ஆட்டோ சிப்காட் சாலையில் திரும்பியதும் பழகிய அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. உருக்காலைப் புகையும், நனைந்த இரும்புத் தூளும், எந்தக் கம்பெனியிலிருந்து என்று சொல்ல முடியாத ஒரு காரநெடியும். பள்ளங்களில் தேங்கிய நீர் துரு நிறத்தில் கிடந்தது. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ஓரத்தில் வரிசையாக நின்றன. ஞாயிறு என்பதால் ஆள் நடமாட்டம் குறைவு.

அவரும் லோகுவும் கூட்டாக நடத்திய வெல்டிங் ஷெட் அப்படியேதான் இருந்தது. மூன்று பக்கமும் தகரம், முன்பக்கம் மட்டும் திறப்பு. போர்டில் இருவர் பெயரும் இருந்தன. ஸ்டீவன், லோகு.

இருவரும் ஒரே தெருக்காரர்கள். ஐ.டி.ஐ.யில் லோகு அவருக்கு அடுத்த செட். இவர் வெல்டர், அவன் மெக்கானிக். இரண்டு வீட்டிலும் அப்பாக்கள் வயல் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒரு ஷெட் போட்டு உட்கார்ந்தது எங்கள் தெருவில் இவர்கள்தான் முதல். என் கல்யாணத்தன்று அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டவன் லோகு. அவரைச் செல்லமாக நைனா என்று கூப்பிடுவான், என்னை அண்ணி என்பான். எங்கள் வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டு இருந்தது.

அவர்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் டேங்கைப் பற்றவைப்பது விளையாட்டுக் காரியமில்லை. காலி டேங்காக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். ஒரு பொறி போதும். அதனால் சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, வடித்துவிட்டு மறுபடியும் கழுவ வேண்டும். கழுவுவது லோகுவின் வேலை, பற்றவைப்பது இவருடைய வேலை. இதில் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கழுவினவன், டேங்கின் மறுமுனையில் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் பொறி விழுந்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுக்கலாம். ஒழுங்காகக் கழுவாதவன் அங்கே கை வைக்கமாட்டான் இல்லையா?

கருப்புக் கண்ணாடி வைத்த வெல்டிங் ஷீல்டை முகத்தில் இறக்கிவிட்டால், பொறி வரும்வரை உள்ளே குருட்டு இருட்டு. எதிரில் யார் நிற்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. அதனால் இவர் வெல்டிங் ராடை மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்பார்.

"கை?"

"இருக்கு," என்பான் லோகு.

அதற்குப் பிறகுதான் நெருப்பு. சாப்பாடு கொண்டுபோன நாட்களில் நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

திருவள்ளூர்ப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கும் அரசப்பனிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. ஏரிக்கரை, சேறு, வரப்பு என்று எதிலும் ஏறி இறங்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் அதன் டேங்க். அடித் தையலில் கசிவு என்று கொண்டு வந்தார். அதை அடைக்கப் போனபோதுதான் டேங்க் வெடித்து என் கணவர் போனார்.

"நா டீ வாங்கப் போனேன் அண்ணி. இன்னும் கழுவி முடிக்கல, இருன்னு சொல்லிட்டுத்தான் போனேன். வர்றதுக்குள்ள வெல்டிங் அடிச்சிட்டாரு," என்று லோகு ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையிலடித்துக்கொண்டு அழுதான். எல்லோரிடமும் அதையே சொன்னான். தெருவில் அவருக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள்கூட, "கொஞ்சம் பொறுத்திருந்தா..." என்று இழுத்துவிட்டுத்தான் போனார்கள்.

நானும் நம்பினேன். நம்பியதால் அவர்மேல் எனக்கு ஆத்திரம். ஒரு டீ வரும்வரை பொறுக்க முடியாத மனுஷனோடா வாழ்ந்தோம் என்ற ஆத்திரம். அடக்கத்துக்குப் பிறகு கல்லறைக்குக்கூட நான் போகவில்லை. அன்று கைப்பையில் மெழுகுவத்தியோடு நான் கிளம்பியதும் ஜெபத்துக்காக இல்லை. அவர் நின்ற இடத்தில் நின்று, ஏன் பொறுக்கவில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் அரசப்பன் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியின் கரையில் சேறு.

"வாம்மா. உன் ஊட்டுக்காரரு தொட்ட வேலை, நீயாவது வந்து முடிச்சிக் குடு," என்றார்.

நான் கைப்பையைத் திறந்து மெழுகுவத்தியை எடுத்தேன்.

"இன்னாம்மா இது? பெட்ரோல் டேங்காண்ட மெழுகுவத்தியா? ஒரு தபா பட்டது பத்தாதா உங்களுக்கு?"

"ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றான் லோகு. "அண்ணி, அது பைக்குள்ளயே இருக்கட்டும். மனசுல சொன்னாப் போதும்."

அவன் இளைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் டேங்கைப் பார்த்தே பேசினான்.

ஜீப்பிலிருந்து கழற்றிய டேங்க் வெல்டிங் மேஜைமேல் இருந்தது. வெடித்ததற்குப் பதிலாக லோகு புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து வாங்கி வந்த வேறு டேங்க்.

"இதுவும் ஒழுவுது. ஓட்டை கெடையாது, ஆனா ஒழுவுது. எங்கனா கேள்விப்பட்டிருக்கியாம்மா?" என்றார் அரசப்பன். "சாய்ங்காலம் ஊட்டாண்ட நிறுத்தினா, காலைல கீழ குட்டை. மாடு கூட அந்தப் பக்கம் வர மாட்டேங்குது. ஒரே பேஜாரு."

"தண்ணி ஊத்தி வெச்சேன். சொட்டு வரல," என்றான் லோகு. "காத்து ஏத்தி சோப்பு நொரை தடவினேன். ஒரு பபுள் வரல. ஓஸ் மாத்தினேன், கிளிப்பு மாத்தினேன், அடி நட்டுக்கு வாஷர் மாத்தினேன். பெட்ரோல் ஊத்தினா மட்டும் கசியுது."

"எந்த இடத்துல?"

"அதான் தெரில அண்ணி. தொட்டா ஈரம். தொடச்சிட்டுப் பாத்தா ஈரம் வேற எடத்துல கீது. நம்மளப் பாத்துக்கினு எடம் மாறுற மாதிரி."

"செத்தவன் இன்னும் வண்டிய வுடல," என்றார் அரசப்பன். "அவசரப்பட்டுப் போன உசுரு அப்பிடித்தான் சுத்தும்."

கடைசியாக ஒரு வழி இருக்கிறது என்றான் லோகு. இரண்டு டப்பா சாக்பீஸை நுணுக்கித் தண்ணீரில் கூழாகக் குழைத்தான். அதை டேங்க் முழுக்கப் பிரஷ்ஷால் பூசினான். காய்ந்த பிறகு, எங்கே கசிகிறதோ அங்கே மட்டும் வெள்ளை கறுத்துக் காட்டிக்கொடுக்கும். பூசி முடித்தபோது, கல்லறைக்கு வெள்ளையடித்தது போலிருந்தது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்து, பாதி டேங்க் பெட்ரோல் ஊற்றி மூடியை இறுக்கினான்.

"காயறதுக்குள்ள நா போயி ஒரு வாய் சாப்ட்டு வந்துர்றேன். நீங்க உங்க ஜெபத்த முடிங்க," என்று அரசப்பன் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் சாலையின் இரைச்சல் எல்லாம் மறைந்தது. நடுமதியம்தான். ஆனால் ஷெட்டின் உட்பக்கம் சாயங்காலம்போல் மங்கிக் கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் வெல்டிங் செட் இருந்தது. அதன் கேபிள் சுருண்டு கிடந்தது. மேலே ஆணியில் ஷீல்டு தொங்கியது. அந்த மூலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் கரி இன்னும் போகவில்லை.

லோகு கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி மழையைப் பார்த்தபடி நின்றான்.

நான் கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை. ஏங்க பொறுக்கல, என்றேன் மனசுக்குள். ஒரு டீ வர்ற நேரம். ஏன் பொறுக்கல?

கரண்ட் போயிற்று.

ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. மழைச் சத்தம் மட்டும். பெட்ரோல் வாசனை தடித்துக்கொண்டே வந்தது. மூக்கில் ஏறும் வாசனை இல்லை. நாக்கில் படியும் வாசனை.

அப்புறம் இன்னொரு சத்தம்.

மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல, ஒரே சீராக. கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் புரிந்தது. அது வெல்டிங் செட். சுவிட்ச் போட்டதும் அது எழுப்பும் ரீங்காரம்.

"ஜெனரேட்டர் போட்டியா லோகு?" என்றேன்.

"ஜெனரேட்டரே இல்லியே அண்ணி," என்றான் திரும்பாமலே.

சுவரில் மெயின் சுவிட்ச் பக்கத்துச் சிவப்பு விளக்கு அணைந்து கிடந்தது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

ரீங்காரம் நிற்கவில்லை.

மேஜை விளிம்பில், டக். டக்.

"கை?"

சத்தமான குரல் இல்லை. ஷீல்டுக்குள்ளிருந்து பேசினால் எப்படி அடங்கிக் கேட்குமோ அப்படி. எத்தனையோ மதியங்களில் சாப்பாட்டுக் கூடையோடு நின்று நான் கேட்ட குரல்.

"இருக்கு."

சொன்னது லோகு.

வாசலில் நின்றபடியே சொன்னான். முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு. அவன் யோசித்துச் சொல்லவில்லை. பழகிப்போன வாய் தானாகத் திறந்து பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பினான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

வாசலுக்கும் மேஜைக்கும் நடுவே இருந்த வெறும் தரையை நான் பார்த்தேன். டேங்கைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில், கட்டுக்குள் கிடந்த என் கணவருக்குப் பேச்சு இல்லை. உள்ளங்கையால் படுக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். என் கையைத் தேடுகிறார் என்று நினைத்து அதன் கீழ் என் கையை வைத்தேன். தள்ளிவிட்டார். மறுபடி தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நர்ஸைக் கூப்பிட்டேன். உயிர் போகும்வரை தட்டினார். அவர் என்ன கேட்டார் என்று அந்த ஷெட்டில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

"நீ டீ வாங்கப் போகல," என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பினேன்.

டேங்கின் மறுமுனையில் வெள்ளை கறுத்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு வட்டம். உள்ளங்கை அளவு. பிறகு அதன் மேலே ஒவ்வொன்றாக நீண்டன. ஒரு விரல். இன்னொரு விரல். ஐந்தும் வந்து முடிந்ததும், விரல் நுனிகளிலிருந்து பெட்ரோல் சொட்டத் தொடங்கியது.

கழுவினவன் கை வைக்க வேண்டிய இடம் அது.

"அன்னிக்குக் காலைல கரண்ட் இல்ல அண்ணி," என்றான் லோகு. குரல் கிசுகிசுத்தது. "தண்ணி மோட்டார் ஓடல. கரண்ட் வந்தப்ப நேரமாயிட்ச்சு. ராத்திரி முழுக்கத் தண்ணி வெக்கவே இல்ல. ஐயா வேற வந்து நின்னுக்கினு, எப்ப முடியும் எப்ப முடியும்னு கேட்டுட்டுப் போனாரு. ஒரு பக்கெட் சோப்புத் தண்ணி ஊத்திக் குலுக்கிட்டு, கழுவிட்டேன்னு சொன்ட்டேன்."

"அவர் கை கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ எங்க இருந்த?"

அவன் தன் காலடியைப் பார்த்தான். "இங்கதான்."

"ஏன் வெக்கல?"

"பயமா இருந்துச்சு அண்ணி."

"உனக்கு பயமா இருந்துச்சு. அத அவருகிட்ட ஏன் சொல்லல?"

தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் உள்ளங்கைக்குப் பயந்து பின்னால் நகரும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. அதே வாயால் "இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். கருப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாமல் நின்றவர் அந்த ஒரு சொல்லை நம்பி நெருப்பு வைத்திருக்கிறார்.

டக். டக்.

"கை?"

இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

"போ," என்றேன் லோகுவிடம். "போய் வை."

அவன் மேஜையை நோக்கி வந்தான். கையை நீட்டிக்கொண்டுதான் வந்தான். டேங்கில் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அதற்கு அப்பால், ஷீல்டு தொங்கிய ஆணியைப் பார்த்தான்.

ஆணி காலியாக இருந்தது.

அதற்குக் கீழே, ஓர் ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில், இருட்டைவிடக் கருப்பாக ஒரு சதுரக் கண்ணாடி.

லோகு ஓடிவிட்டான். மழையில் அவன் செருப்புச் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. நான் தனியாக நின்றேன், பாதி டேங்க் பெட்ரோலோடும், என் கணவரோடும்.

"கை?"

"நான் ஏஞ்சலுங்க," என்றேன். "அவன் இல்ல. நான்தான்."

ரீங்காரம் ஏறியது. அவர் என் பெயரைத் தெரிந்துகொண்டதாகத் தோன்றவில்லை.

"கை?"

என் கால் நகர மறுத்தது. அந்தக் குரல் நின்றால் போதும் என்றிருந்தது. அழுகிற குழந்தைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன்.

"இருக்குங்க. இருக்கு."

நீலப் பொறி விழுந்தது.

ஒரே ஒரு பொறி. ஷெட் முழுக்க வெளிச்சம் வெட்டியது. தகரச் சுவரில் நிழல்கள் எழுந்தன. மேஜையின் நிழல், டேங்கின் நிழல், தள்ளி நின்ற என் நிழல். என் கைகள் பக்கவாட்டில் தொங்குவது சுவரில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

பாய்ந்து போய் டேங்கின் மறுமுனையில் என் உள்ளங்கையை அழுத்தினேன். அந்தக் கறுத்த கையின் மேலேயே. சில்லென்று பெட்ரோல் என் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ரீங்காரம் நின்றது.

மிக அருகில், மூடிய ஒன்றுக்குள்ளிருந்து வரும் மூச்சு. வெப்பமாக என் நெற்றியில் பட்டது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கை மரத்துப்போகும் வரை.

பிறகு கரண்ட் வந்தது. ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஷீல்டு ஆணியில் தொங்கியது.

வெளியே லோகு மின்கம்பத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ரெண்டாவது தபாவும் ஓடிட்ட, லோகு."

அவன் அழுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதது போலவே இருந்தது. அன்று அந்த அழுகையைப் பார்த்து அவனை நான்தான் தேற்றினேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அரசப்பன் குடையோடு வந்தார். "இன்னா ரெண்டு பேரும் மழைல நனைஞ்சிக்கினு நிக்கிறீங்க? எடம் தெரிஞ்சிச்சா? எங்க ஒழுவுது?"

"சொல்லு," என்றேன் லோகுவிடம். "எங்க ஒழுவுதுன்னு ஐயாகிட்ட நீயே சொல்லு."

சொன்னான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கேட்கக் கேட்க அரசப்பனின் குடை ஒரு பக்கம் சாய்ந்தது. எத்தனை பேரிடம் இவரும் அந்த அவசரக்குடுக்கைக் கதையைச் சொல்லியிருப்பாரோ. கடைசியில் குடையை மடக்கிவிட்டு எங்களோடு மழையில் நின்றார்.

"நானும் அன்னிக்கு அவசரப்படுத்திக்கினேதான் இருந்தேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு எங்கள் பழைய சர்ச்சில், ஆராதனை முடிந்து ஜனங்கள் கலையுமுன், லோகுவை எழுந்து நின்று சொல்லவைத்தேன். தெருவிலும் சொன்னான். அவர் பெயர் சுத்தமாயிற்று. பொறுக்காத மனுஷன் இல்லை அவர், நம்பின மனுஷன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அன்று சாயங்காலம்தான் முதல் முறையாக அவர் கல்லறைக்குப் போனேன். சிலுவையைத் துடைத்தேன். இனி தூங்குங்க என்றேன்.

ஜீப் அதற்குப் பிறகு ஒழுகவில்லை என்று அரசப்பன் போன் செய்து சொன்னார். டேங்கைத் துணியால் துடைத்ததும் அந்தத் தடம் போய்விட்டதாம். லோகு இப்போது பொன்னேரிப் பக்கம் வேறு ஒருவரிடம் வேலை செய்கிறான். நன்றாக இருக்கிறான். ராத்திரி தூங்குகிறான், சாப்பிடுகிறான். அவன் காதில் எதுவும் கேட்பதில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கல்லறைக்குப் போய்வந்த மறுநாள் காலை, வேப்பம்பட்டு வீட்டில் நாஷ்டாவுக்குத் தோசைக்கல்லை வைத்துவிட்டு ஹெலன் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். லைட்டரை எத்தனை முறை அழுத்தியும் பிடிக்கவில்லை.

"இன்னாடி இது, லைட்டர் போயிட்ச்சா? நேத்து நல்லாதானே இருந்துச்சு. அந்தத் தீப்பெட்டிய எடு."

தீக்குச்சி உரசினாள். பர்னருக்குக் கிட்டே கொண்டு போனதும் அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. சமையலறையில் காற்று இல்லை.

"பெட்ரோல் வாசனை வர்ல?" என்றாள் ஹெலன். "கீழ எவனோ வண்டி கழுவுறான் போலக்கீது."

என் காதுக்குப் பக்கத்தில், மூடிய ஒன்றுக்குள்ளிருந்து, அந்தக் கேள்வி வந்தது.

ஹெலனுக்குக் கேட்கவில்லை. நான் குனிந்து, மேடைக்கு அடியில் இருந்த கேஸ் சிலிண்டரின்மேல் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பு பிடித்துக்கொண்டது.

"உன் கைல இன்னாடி வெச்சிருக்க?" என்று ஹெலன் சிரித்தாள். "இனிமே தினம் நீயே வந்து பத்தவை."

தினமும் நான்தான் பற்றவைக்கிறேன். காலையில் கேட்கிறார். மதியம் கேட்கிறார். கூட இருந்து கழுத்தறுத்தவனிடம் அவர் போகவில்லை. அவனிடம் கேட்க இனி அவருக்கு எதுவும் இல்லைபோலும். என்னிடம்தான் வந்தார். அன்று ஷெட்டில் சும்மா வாயால் சொன்னேனே, அதைப் பார்த்துவிட்டார். திருமணத்தன்று பாதிரியார் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டவர், இப்போது அந்தக் கை எங்கே இருக்கிறது என்று வேளைக்கு வேளை சரிபார்க்கிறார்.

நான் மறுப்பதில்லை. குனிந்து கையை வைக்கிறேன். அடுப்பு பிடிக்கிறது. பால் காய்கிறது, சோறு வேகிறது. இப்படியே பழகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை ஹெலன் சந்தைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். அவர் கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை அல்ல, இரண்டு கைகளையும் சிலிண்டர்மேல் அழுத்தி வைத்தேன். கன்னத்தையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டேன். இரும்பு குளிர்ந்திருந்தது.

"இருக்குங்க," என்றேன்.

அவர் மறுபடியும் கேட்டார்.